காத்திருத்தலும் மறைப்பணியே



பதுளையிலிருந்து கொழும்பு நோக்கிச் செல்லும் இருப்புப் பாதையில் தெமோதரை என்றொரு நிலையம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். 1924-ஆம் ஆண்டில் பதுளையை எட்டிய அந்தப் பாதை, தெமோதரை நிலையத்திற்கு நேர் கீழே உள்ள சுரங்கத்தினுள் புகுந்து, ஒரு மலையைச் சுற்றி வளைத்து ஏறி, பிறகே மேலே உள்ள அதே நிலையத்தை அடைகிறது. முதன்முறை பயணம் செய்கிறவர், 'இவ்வளவு நேரம் ஓடியும் தொடங்கிய இடத்திற்கே வந்துவிட்டோமே' என்று திகைப்பார். இடம் அதுதான், ஆனால் உயரம் வேறு. மலையின் செங்குத்தை நேராக ஏற முடியாத புகையிரதத்திற்கு, அந்தச் சுற்றே ஏறும் வழி.

அந்தப் பாதையில் கொழும்புக்கும் தோட்டத்திற்குமாகப் பல முறை அலைந்த ஒரு குடும்பத்தைப் பற்றி இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஊவாவின் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வாழும் குடும்பம் அது. கணவர் மரவேலையில் கைதேர்ந்தவர். ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிப்பவர். மனைவி முன்பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் இருவர். கிழக்கு ஆப்பிரிக்க நாடொன்றில் அருட்சகோதரிகள் நடத்தும் தொழிற்பயிற்சி நிலையத்தில் பணியாற்ற அவர்களுக்கு அழைப்பு வந்தது. கூலிக்காகச் செல்லும் பயணம் அன்று அது. கற்ற தொழிலையும் பெற்ற விசுவாசத்தையும் பகிர்ந்துகொள்ளச் செல்லும் பயணம். நம் தோட்டத்து லயத்திலிருந்து ஒரு மறைப்பணியாளர் குடும்பம் புறப்படுகிறது என்று பங்கே பூரித்தது. நானும் பூரித்தேன். விசா கைக்கு வருமுன்னரே வழியனுப்புத் திருப்பலியையும் நிறைவேற்றினேன். மக்கள் மாலை அணிவித்தார்கள். காணிக்கை சேர்த்துக் கொடுத்தார்கள்.

ஆனால் விசா வரவில்லை.

அடுத்த மாதம் என்றார்கள். அதற்கும் அடுத்த மாதம் என்றார்கள். ஒரு படிவம் திரும்பி வந்தது. அதைத் திருத்தி அனுப்புவதற்குள் மருத்துவச் சான்றிதழின் காலம் முடிந்தது. அதைப் புதுப்பித்தபோது பொலிஸ் நற்சான்றிதழின் காலம் முடிந்திருந்தது. மனைவி ஏற்கெனவே வேலையை விட்டிருந்தார். கணவர் புதிய வேலை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. மூத்த மகளுக்குப் பாடசாலை விடுகைப் பத்திரம் வாங்கியாகிவிட்டது. கட்டிய பெட்டிகள் லயத்து அறையின் மூலையில் அப்படியே இருந்தன. ஞாயிறு திருப்பலிக்கு வந்தால், "இன்னும் போகவில்லையா?" என்ற கேள்வி வாசலிலேயே காத்திருந்தது. அன்பினால் கேட்டவர்களும் உண்டு. ஏளனமாகக் கேட்டவர்களும் உண்டு. நாளடைவில் அவர்கள் கோயிலுக்கு வருவதே குறைந்தது.

நான் அவர்களைத் தேடிச் சென்ற மாலைப்பொழுதில் அந்தத் தாய் என்னிடம் கேட்டார்: "சாமி, கூப்பிட்டவர் கதவைத் திறக்க வேண்டாமா? அல்லது அவர் கூப்பிடாமலேயே நாங்கள்தான் கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டோமா?"

குருமடத்தில் கற்ற இறையியல் எதுவும் அந்நேரம் என் உதவிக்கு வரவில்லை. பதில் அந்த வீட்டின் திண்ணையிலிருந்து வந்தது.

தகரப் பெட்டிக்குள் ஒரு கடவுச்சீட்டு

திண்ணையில் அமர்ந்திருந்தவர் அந்தக் கணவரின் தந்தை. எழுபதைக் கடந்தவர். உள்ளே சென்று பழைய பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்றை எடுத்து வந்தார். அதற்குள் இந்தியக் கடவுச்சீட்டு ஒன்று இருந்தது. புகைப்படத்தில் இருந்தவர் ஓர் இளைஞர்.

இறைமக்களே, இந்த வரலாறு நம்மில் பலரது வீட்டு வரலாறு. 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ஆம் நாள் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதரை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே லயத்தில் அண்ணன் அந்த நாட்டுக்கும் தம்பி இந்த நாட்டுக்குமாகப் பிரிந்தனர்.

பெரியவருக்கு எழுபதுகளில் கடவுச்சீட்டு கிடைத்தது. ஆனால் சேமலாப நிதிப் பணம் கிடைப்பதற்குத் தாமதமாயிற்று. பிறகு தாய் நோயுற்றார். பிறகு 1983-இன் வன்செயல் வந்தது. 1984-இல் தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே ஓடிய கப்பல் நின்றுபோயிற்று. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இங்கே தங்கும் விசாவும் முடிந்துபோய், எந்த நாட்டுக்கும் முழுமையாக உரியவராகாமல் பல்லாயிரம் பேர் நின்றனர். 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னரே அவர்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை பெறும் வழி திறந்தது.

பெரியவர் லயத்தின் பின்புறம் நின்ற பலா மரத்தைக் காட்டினார். "சாமி, இந்த மரத்தைக் கப்பல் நின்ற பிறகுதான் நட்டேன். அதற்கு முன்னால் பத்து வருடம் ஒரு கன்றுகூட நடவில்லை. 'நாளைக்குக் கோச்சியேறப் போகிறவனுக்கு மரம் எதற்கு?' என்று நினைத்தேன். கூரை ஒழுகியது; மாற்றவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடம் சேர்க்கவில்லை. அங்கே போய்ச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். எனக்கு இந்தியா கிடைக்காதது பெரிய நட்டம் இல்லை. அந்தப் பத்து வருடம்தான் நட்டம். அதை எந்தச் சட்டமும் திருப்பித் தராது."

பிறகு மகனைப் பார்த்துச் சொன்னார்: "நீயும் அதையே செய்யாதே."

அந்தச் சொற்களைக் கேட்டபோது எரேமியா இறைவாக்கினரின் மடல் என் நினைவுக்கு வந்தது. பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட மக்கள், இன்றோ நாளையோ திரும்பிவிடுவோம் என்று மூட்டையை அவிழ்க்காமல் இருந்தார்கள். ஆண்டவரோ இறைவாக்கினர் வழியாக அவர்களிடம், அங்கேயே வீடு கட்டும்படியும், தோட்டம் நட்டு அதன் பலனை உண்ணும்படியும், தாங்கள் இருக்கும் நகரின் நலனுக்காக மன்றாடும்படியும் கூறினார் (எரே 29:5-7). அவர் தமது வாக்குறுதியைத் திரும்பப் பெறவில்லை. திரும்பிச் செல்லும் நாள் வரும் என்றும் அதே மடலில் உறுதியளித்தார். ஆனால் அந்த நாள் வரும்வரை வாழ்வை நிறுத்திவைக்க வேண்டாம் என்றார்.

கதவு திறக்குமுன் தொடங்கிய பணி

இலங்கையின் திருத்தூதர் என்று நாம் போற்றும் புனித யோசவ்வாஸ் அடிகளாரை எண்ணிப் பாருங்கள். 1651-இல் கோவாவில் பிறந்து, 1676-இல் குருவானவர் அவர். 1658-இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருக்கள் இலங்கையில் கால் வைப்பதையே தடைசெய்திருந்தனர். குருவின்றித் தவிக்கும் அம்மக்களைப் பற்றிக் கேள்வியுற்ற அடிகளார், தம்மை அங்கே அனுப்புமாறு விண்ணப்பித்தார். ஆனால் திருச்சபை அதிகாரிகள் 1681-இல் அவரைக் கானரா நாட்டுக்கு அனுப்பினார்கள். இலங்கை கேட்டவருக்கு மங்களூர்ப் பகுதி கிடைத்தது!

அவர் முகம் சுளிக்கவில்லை. 'என் அழைப்பு வேறு' என்று ஒதுங்கி அமரவுமில்லை. ஊர் ஊராக நடந்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார், பள்ளிகளைத் தொடங்கினார். 1684-இல் கோவாவுக்குத் திரும்பி, மறு ஆண்டு அங்கிருந்த சிறு குருக்கள் குழுவில் சேர்ந்து, அதனை ஓரட்டோரியன் சபையாக உருவாக்கினார். பின்னாளில் இலங்கைக்கு மறைப்பணியாளர்களை அனுப்பியது அந்தச் சபையே. அவர் 1681-இலேயே நேராக இலங்கை வந்திருந்தால், அவருக்குப் பின் வந்தவர்களை அனுப்ப அப்படியொரு சபை இருந்திருக்குமா? காத்திருந்த காலத்தில் அவர் விதைத்ததையே இலங்கை பிற்காலத்தில் அறுவடை செய்தது.

1687-இல் யோவான் என்னும் ஒரே துணையாளருடன், ஏழை வேடம் பூண்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்ததும் வயிற்றுக்கடுப்பு நோயால் துவண்டார். தேறிய பின், கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார் என்று வரலாறு கூறுகிறது. அந்தச் செபமாலையைக் கண்டு எந்த வீட்டாரின் கண்கள் கலங்குகின்றனவோ, அந்த வீட்டில் விசுவாசம் உயிரோடு இருக்கிறது என்று அறிந்துகொண்டார்.

இங்கே சற்று நில்லுங்கள். காத்திருந்தவர் அடிகளார் மட்டும்தானா? 1658 முதல் 1687 வரை ஏறக்குறைய 29 ஆண்டுகள்! அந்த யாழ்ப்பாணத்து வீடுகளும் காத்திருந்தன. ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து மணம் முடிக்கும் காலம் அது. அத்தனை ஆண்டுகளாகத் தாய்மார் பிள்ளைகளுக்குச் சிலுவை அடையாளம் இடக் கற்றுக்கொடுத்திராவிட்டால், அடிகளாரின் செபமாலையை அடையாளம் கண்டுகொள்ள யார் இருந்திருப்பார்கள்? கடலின் அக்கரையில் காத்திருந்த குரு ஒரு மறைப்பணியாளர் என்றால், இக்கரையில் காத்திருந்த அக்குடும்பங்களும் மறைப்பணியாளர்களே.

நமது ஊவாத் தோட்டங்களின் கதையும் அத்தகையதே. தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மலையேறி வந்த கத்தோலிக்கத் தொழிலாளர் குடும்பங்களின் வழியாகவே பல தோட்டங்களுக்கு விசுவாசம் வந்தது. குருவானவர் எப்போதோ ஒருமுறை மலையேறி வருவார். அதுவரை மாலையில் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, லயத்து அறையில் குப்பி விளக்கின் முன் செபமாலை சொன்னவர்கள் நம் முன்னோரே. பதுளை தனி மறைமாவட்டமாக உயர்ந்தது 1972-இல். அதன் அடித்தளத்தை இட்டவர்களுள், காத்திருக்கத் தெரிந்த அந்தப் பெயர் தெரியாக் குடும்பங்களும் அடங்கும்.

அடிகளாரின் காத்திருப்பு யாழ்ப்பாணத்தோடு முடியவில்லை. 1692-இல் கண்டி இராச்சியத்தில் நுழைந்தவரைப் போர்த்துக்கேய உளவாளி என்று சிறையில் அடைத்தார்கள். அங்கேயும் அவர் நாள்களை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. சிங்கள மொழியைக் கற்றார். குடிசைக் கோயில் ஒன்றை அமைத்தார். 1697-இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, உறவினரே கைவிட்ட நோயாளிகளைத் தம் கையால் பராமரித்தார். 1711 சனவரி 16-ஆம் நாள் கண்டியிலேயே உயிர்துறந்தார். 2015 சனவரி 14-ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, நம் தோட்டங்களிலிருந்தும் மக்கள் சென்று கலந்துகொண்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

கதவு திறக்கவே இல்லையெனில்?

"அடிகளாருக்குக் கடைசியில் வழி கிடைத்ததே சாமி, எங்களுக்குக் கிடைக்காமலே போனால்?" என்று அந்தக் கணவர் கேட்டார். நேர்மையான கேள்வி. காத்திருக்கும் எல்லாரும் தாம் நினைத்த இடத்தைச் சென்றடைவதில்லை.

முத்துக்குளித்துறை மக்களிடையே உழைத்த புனித பிரான்சிஸ் சவேரியார், சீன நாட்டினுள் செல்லத் துடித்தார். வெளிநாட்டவருக்கு மூடப்பட்டிருந்த அந்நாட்டின் கரைக்கு அருகே சான்சியான் தீவில், தம்மை அழைத்துச் செல்வதாக வாக்களித்த படகுக்காகக் காத்திருந்தார். படகு வரவில்லை. 1552 டிசம்பர் 3-ஆம் நாள் அங்கேயே இறந்தார். பிரான்சு நாட்டின் புனித குழந்தை தெரேசம்மாள், வியட்நாமின் ஹனோய் நகரிலிருந்த கார்மேல் மடத்திற்குச் செல்ல விரும்பினார். காசநோய் குறுக்கிட்டது. 1897-இல், தம் 24-ஆம் வயதில், லிசியே மடத்திலேயே கண்மூடினார். 1927-இல் திருச்சபை மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலர்களாக யாரை அறிவித்தது தெரியுமா? இவர்கள் இருவரையுமே! தாம் ஏங்கிய நாட்டினுள் கால் வைக்க இயலாத இருவர், உலகெங்கும் உள்ள மறைப்பணியாளர்களுக்குப் பாதுகாவலர்கள்.

திருத்தூதர் பவுலுக்கும் ஆசியாவின் கதவு அடைபட்டது. பித்தினியாவின் கதவும் அடைபட்டது. துரோவாவில் தங்கியிருந்த இரவில்தான் மாசிதோனியாவின் அழைப்பு வந்தது (திப 16:6-10). ஆகவே அடைபட்ட கதவு அழைப்பு பொய்யென்பதற்குச் சான்று ஆகாது. எந்தத் தெருவில் நிற்க வேண்டுமோ அந்தத் தெருவில் ஆண்டவர் நம்மை நிறுத்தியிருக்கவும் கூடும்.

பொறுமையும் கைகட்டி நிற்றலும் ஒன்றல்ல

ஆயினும் ஓர் எச்சரிக்கை. பொறுமை என்னும் நற்பண்பின் பெயரால் அநீதிக்குப் பட்டுச்சட்டை அணிவிக்கக் கூடாது. நம் மக்களை நாடற்றவர்களாகப் பல பத்தாண்டுகள் வரிசையில் நிறுத்தியது இறைத்திட்டம் அன்று; மனிதர் செய்த தவறு. ஆண்டவர் இயேசு உவமையாகச் சொன்ன கைம்பெண், வீட்டில் அமர்ந்து பெருமூச்சு விடவில்லை. நடுவரின் வாசலுக்கு மீண்டும் மீண்டும் சென்றார் (லூக் 18:1-8). அலுவலகத்தின் கதவைத் தட்டுவதும், உரிய பதிலைக் கேட்பதும், படிவத்தைத் திருத்தி மீண்டும் கொடுப்பதும் பொறுமையின் பகுதிகளே.

அதேவேளை குறுக்குவழியும் பொறுமை ஆகாது. காத்திருந்து களைத்த குடும்பங்களைத் தேடித்தான் போலி முகவர்கள் வருகிறார்கள். நகையை அடகு வைத்து, காணியை எழுதிக் கொடுத்து, பொய்ப் பத்திரத்தோடு விமான நிலையத்தில் தலைகுனிந்து நின்றவர்களை நானும் கண்டிருக்கிறேன், நீங்களும் கண்டிருப்பீர்கள். யோசவ்வாஸ் அடிகளார் வேடமிட்டு வரவில்லையா என்று கேட்காதீர்கள். வழிபாடே குற்றமாக்கப்பட்ட மண்ணில், பிறருக்காகத் தம் உயிரைப் பணயம் வைத்து வந்தவர் அவர். நம் வசதிக்காக நாம் சொல்லும் பொய்க்கு அவரைச் சாட்சிக்கு அழைப்பது முறையாகாது.

மறைப்பணிக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் மிகச் சிலவே. ஆனால் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குச் செல்லக் காத்திருக்கும் தாயும், கணவரோடு சேர விசாவுக்காகக் காத்திருக்கும் மனைவியும், பிள்ளையின் மேற்படிப்புக்கான அனுமதிக் கடிதத்தை எதிர்நோக்கும் பெற்றோரும் இன்று எந்தப் பங்கில்தான் இல்லை? அவர்கள் அனைவருக்கும் ஒரு சிறு வேண்டுகோள். கையில் அனுமதி வருமுன் வேலையை விடாதீர்கள். பிள்ளையின் படிப்பை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். வட்டிக்கு வாங்கிப் பயணத்துக்குச் செலவிடாதீர்கள். மாலைச் செபத்தைக் கைவிடாதீர்கள். அயலாராகிய நாமும் "இன்னும் போகவில்லையா?" என்று கேட்பதை விடுத்து, "இன்று எங்கள் வீட்டில் உணவருந்த வாருங்கள்" என்று அழைக்கப் பழகுவோம். அவசரப்பட்டு வழியனுப்புத் திருப்பலி நிறைவேற்றிய இந்தக் குருவும் தன் பங்குக்குப் பாடம் கற்றுக்கொண்டான்.

அவிழ்க்கப்பட்ட பெட்டிகள்

அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? இதை எழுதும் இவ்வேளையிலும் விசா வரவில்லை. ஆனால் மகள் மீண்டும் பாடசாலைக்குச் செல்கிறாள். கட்டிய பெட்டிகளை அவிழ்த்து, உடைகளை அலுமாரியில் அடுக்கிவிட்டார்கள். கணவர் தோட்டத்து இளைஞர் நால்வருக்கு மாலை வேளைகளில் மரவேலை கற்பிக்கிறார். தொலைதூர நாட்டில் அவர் செய்யக் கருதிய பணி அதுதானே! மனைவி ஞாயிறு மறைக்கல்வி வகுப்பைப் பொறுப்பேற்றிருக்கிறார். இரவுச் செபத்தின் பின், நால்வரும் சுவாகிலி மொழியில் நாளுக்கு ஐந்து சொற்கள் கற்கிறார்கள். செல்லும் எண்ணத்தை அவர்கள் கைவிடவில்லை. செல்வதற்காக வாழ்வதை நிறுத்திவைக்கவுமில்லை.

அண்மையில் சென்றபோது, லயத்தின் பின்புறத்தில் பெரியவரின் பலா மரத்தை அடுத்து ஓர் இளம் மாங்கன்றைக் கண்டேன். மகன் நட்டதாம். "போய்விட்டால் யார் தண்ணீர் ஊற்றுவது?" என்று கேட்டேன். பெரியவர் சிரித்தார். "நான் ஊற்றுவேன் சாமி. எனக்குப் பிறகு, பழம் தின்கிறவர்கள் ஊற்றுவார்கள்."

இறைமக்களே, தெமோதரையின் வளைவில் சுற்றுகின்ற பயணியைப் போல, தொடங்கிய இடத்திலேயே நிற்பதாக இன்று உங்களுக்குத் தோன்றலாம். கீழே பாருங்கள், ஏறிய உயரம் தெரியும்.

மன்றாடுவோம்: காத்திருக்கும் குடும்பங்களின் துணையான ஆண்டவரே, எகிப்து நாட்டில் உமது தூதரின் சொல்லுக்காகக் காத்திருந்த திருக்குடும்பத்தைப் போல, நாங்களும் இருக்கும் இடத்தில் உழைக்கவும், அழைக்கும் நேரத்தில் எழவும் எங்களுக்கு வரம் தாரும். புனித யோசவ்வாஸ் அடிகளாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.